தெருக் குழாயில் மோட்டார் வேண்டாம்... மாடிக் குழாயில் வேகம் கூட்ட வழி உண்டு!

கேள்வி: "எங்கள் வீட்டில் ஆறு பேர். போன வருடம் மாடியில் ஓர் அறையும் குளியலறையும் கட்டினோம். வீட்டு போர்வெல் தண்ணீரை, மாடி அறையின் கூரைமேல் வைத்திருக்கும் 1,000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றுகிறோம். கீழ்வீட்டுக் குழாய்களில் தண்ணீர் நன்றாக வருகிறது. மாடியில் ஷவர் நூல் நூலாக வழிகிறது. குழாயில் 15 லிட்டர் வாளி நிறைய ஐந்து நிமிடம் ஆகிறது. கைக்குழந்தைக்காரியான மருமகள் கீழிருந்து வாளியில் தூக்கிக்கொண்டு போகிறாள். குடிக்க ஊராட்சிக் குழாய் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். தெருவின் கடைசி வீடு எங்களுடையது. முன்னால் நான்கு வீடுகளில் குழாயிலேயே மோட்டார் மாட்டிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு குடம் நிறைய ஆறு நிமிடம் ஆகிறது. 1 ஹெச்.பி. மோட்டார் வாங்கினால் மாடிக்கும் ஆகும், தெருக் குழாய்க்கும் ஆகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். கடிதத்தில் இருப்பது ஒரு பிரச்னை அல்ல, இரண்டு. மாடியில் தண்ணீர் இருக்கிறது, வேகம் இல்லை. தெருக் குழாயில் தண்ணீரே போதவில்லை. முதலாவது, சொந்தத் தொட்டிக்கும் சொந்தக் குழாய்க்கும் நடுவில் உள்ள குறை. இரண்டாவது, தெரு முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும் தண்ணீரில் உள்ள குறை. இரண்டுக்கும் ஒரே மோட்டார் மருந்தாகாது. மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அது தள்ளும் தண்ணீர் யாருடையது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

உயரம்தான் அழுத்தம்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம் மட்டுமே. தொட்டியின் நீர்மட்டம் குழாய் வாயைவிட 10 மீட்டர், அதாவது 33 அடி உயரத்தில் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் ஃபில்டர் பக்கத்திலுள்ள மீட்டரில் பார்க்கும் அதே 1 கிலோதான். 3 அடிக்கு 0.1 கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. தொட்டி 500 லிட்டரா, 5,000 லிட்டரா என்பதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. பெரிய தொட்டி வைத்தால் வேகம் கூடும் என்பது தவறான எண்ணம்.

வாசகியின் வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தளம் 10 அடி என்றால், மாடி அறையின் கூரை தரையிலிருந்து 20 அடி. தொட்டி செங்கல் வரிசை ஒன்றின் மேல் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் அடிப்பாகம் சுமார் 20½ அடி. மாடி ஷவர் அந்தத் தளத்திலிருந்து 7 அடி உயரம். தரையிலிருந்து 17 அடி. ஆக, தொட்டி காலியாகும் நேரத்தில் ஷவருக்குக் கிடைப்பது 3½ அடி உயரம். நிறைந்திருக்கும்போது 7 அடி. அழுத்தம் 0.1 முதல் 0.2 கிலோ. ஷவரின் சல்லடைத் துளைகள் வழியே பீய்ச்ச இது போதாது. கீழ்வீட்டுக் குழாய் தரையிலிருந்து 3 அடியில் இருந்தால், அதற்கு 17 அடிக்கு மேல் உயரம் கிடைக்கிறது. அரை கிலோவுக்கும் கூடுதல். அதனால்தான் அதே தொட்டி, அதே தண்ணீர், கீழே பாய்கிறது, மேலே வழிகிறது.

ஆனால், மாடியில் வாளி பிடிக்கும் குழாய் ஷவரைவிட 4 அடி தாழ்வு. அதற்கு 7½ முதல் 11 அடி உயரம் இருக்கிறது. அதில் 15 லிட்டர் வாளி நிறைய ஐந்து நிமிடம் ஆகக் கூடாது. அப்படியானால் உயரக் குறையோடு, குழாய்க்குள்ளும் ஏதோ தடை இருக்கிறது. மோட்டார் வாங்கும் முன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அடைப்புள்ள குழாயில் மோட்டார் வைப்பது, அடைந்துபோன சொட்டுவானுக்குப் பெரிய மோட்டார் போடுவது போன்றதுதான்.

வாளியும் கடிகாரமும் போதும்

அளவு தெரிந்த ஒரு வாளி, செல்போனில் உள்ள கடிகாரம், பத்தடி நீளத்துக்கு ஊடுருவிப் பார்க்கும் பிளாஸ்டிக் டியூப் ஆகியவை போதும்.

ஒவ்வொரு குழாயாகத் திறந்து, வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதுங்கள். மற்றக் குழாய்கள் மூடியிருக்கட்டும். 10 லிட்டர் ஒரு நிமிடத்தில் நிறைந்தால் வீட்டுப் பயன்பாட்டுக்கு நல்ல ஓட்டம். எழுதிய பட்டியலைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

ஒரே ஒரு குழாய் மட்டும் மெதுவாக வந்தால், குறை அந்தக் குழாயில். மாடிக் குழாய்கள் எல்லாமே மெதுவாக வந்தால், மாடிக்குப் பிரியும் லைனில் அல்லது அதன் வால்வில். வீடு முழுவதும் மெதுவாக வந்தால், தொட்டியின் வெளிப்போக்கில். சுடுதண்ணீர் மட்டும் குறைந்தால், கீசருக்குப் போகும் லைனில். திறந்தவுடன் வேகமாகப் பாய்ந்து, சில வினாடிகளில் ஓய்ந்துபோனால் குழாய் குறுகியிருக்கிறது. துப்பித் துப்பி வந்தால் காற்று அடைத்திருக்கிறது.

அடுத்தது டியூப். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவலைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். டியூபின் ஒரு முனையை மாடிக் குழாயின் வாயில் இறுக்கிக் கட்டி, மறுமுனையைச் சுவரோடு உயரத் தூக்கிப் பிடித்துக் குழாயைத் திறந்தால், டியூபில் தண்ணீர் ஏறி ஓரிடத்தில் நிற்கும். அது தொட்டியின் நீர்மட்டம். குழாய் வாயிலிருந்து அதுவரை உள்ள அடிகள்தான் அந்தக் குழாய்க்குக் கிடைக்கும் உயரம். இப்போது மாடியிலேயே இன்னொரு குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். டியூபில் தண்ணீர் சற்றே இறங்கினால் லைன் நல்ல நிலையில் இருக்கிறது. மளமளவென்று இறங்கினால், அழுத்தத்தைத் தின்பது குழாயும் வால்வும்தான்.

மோட்டாருக்கு முன் முடிக்க வேண்டியவை

குழாய் நுனியில் உள்ள சல்லடையையும் ஷவர் தலையையும் கழற்றிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் வெள்ளையாகப் படிந்திருக்கும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ இரவு ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும். சொட்டுநீர்க் குழாய்க்கு விடும் அமிலம் மிச்சம் இருக்கிறதே என்று வீட்டு லைனில் விட்டுவிடாதீர்கள். குடிக்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் புழங்கும் குழாய் அது.

அடுத்து, வால்வுகள். கேட் வால்வின் கைப்பிடி சுற்றும். உள்ளே தகடு அறுந்து பாதியில் நின்றுகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. சந்தேகம் இருந்தால் முழு வாய் திறக்கும் பால் வால்வாக மாற்றிவிடுவது நல்லது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, வெளிப்போக்கு வாயில் பாசியோ சேறோ அடைத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

பெரும்பாலும் குறை இருப்பது குழாயின் அளவில். தொட்டியிலிருந்தே அரை அங்குலக் குழாயை இறக்கிவிடுகிறார்கள். அரை அங்குலத்தை ஓர் அங்குலமாக்கினால், அதே அளவு தண்ணீர் ஓடும்போது உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சொட்டுநீரில் மெயின் லைன் பெரியது, சப்-மெயின் அதற்குச் சிறியது, லேட்டரல் அதைவிடச் சிறியது. வீட்டிலும் அதே ஒழுங்குதான். தொட்டியிலிருந்து இறங்கும் லைன் 1 அல்லது 1¼ அங்குலம், குளியலறைக்குப் பிரிவது ¾ அங்குலம், கடைசியாகக் குழாய் வாய்க்குப் போகும் சில அடி மட்டும் ½ அங்குலம். மாடிக் குளியலறைக்குத் தொட்டியிலிருந்தே தனி லைன் கொடுத்துவிட்டால், கீழே யாராவது குழாயைத் திறக்கும்போது மேலே வற்றிப்போகாது. தொட்டியை விட்டு வெளியே வந்ததும் லைனில் ஒரு டீ போட்டு, தொட்டியின் விளிம்பைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாயை நிறுத்தினால் காற்று அடைப்பும் வராது.

தொட்டியை உயர்த்தினால் என்ன என்று தோன்றும். உயர்த்தலாம், பலனைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 5 அடி உயர்த்தினால் 0.15 கிலோ கூடும். ஆனால், உயரம் இரு மடங்கானால் ஓட்டம் இரு மடங்காகாது. ஒன்றரை மடங்குக்கும் குறைவாகத்தான் கூடும். மேலும், 1,000 லிட்டர் தண்ணீர் என்பது 1 டன் எடை. ஸ்டாண்டின் கால்கள் சுவர் அல்லது பீம் மேல் உட்கார வேண்டும். தளத்தின் நடுவில் நான்கு கால் ஊன்றினால் விரிசல் நிச்சயம். வீடு கட்டிய கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ கேட்காமல் தொடாதீர்கள்.

இவ்வளவையும் செய்த பிறகு மறுபடி வாளி வைத்து நேரம் பாருங்கள். வாளியில் பிடித்துக் குளிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். மருமகள் படியேற வேண்டியிருக்காது. ஷவர், தானியங்கி வாஷிங் மெஷின், கேஸ் கீசர் போன்றவற்றுக்கு மட்டுமே பம்ப்பின் உதவி தேவைப்படும்.

பம்ப் வாங்குவதானால்...

1 ஹெச்.பி. தேவையே இல்லை. ஒரு ஷவரும் இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு 20 லிட்டர் போதும். அதை 15 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில், அதாவது 1½ கிலோவில் தள்ள, பம்ப்பின் இழப்புகளையும் சேர்த்துக் கால் ஹெச்.பி. ஆகும். அரை ஹெச்.பி. வாங்கினாலே தாராளம். 1 ஹெச்.பி. போட்டால் நொடிக்கு நொடி ஓடி நிற்கும், பழைய குழாய் இணைப்புகள் கசியும், கீசருக்கும் ஆகாது. கீசரின் மேல் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, பம்ப் அதைத் தாண்டாதபடி தேர்ந்தெடுங்கள்.

பம்ப்பில் உள்ள பெயர்த் தகட்டில் 'அதிகபட்ச ஹெட்' என்றும் 'அதிகபட்ச டிஸ்சார்ஜ்' என்றும் இரண்டு எண்கள் இருக்கும். கிணற்று மோட்டார் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஹெட் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீர் வராது. தண்ணீர் உச்சத்தில் வரும்போது ஹெட் இருக்காது. '15 மீட்டரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?' என்று கேட்டு, அதற்குரிய அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள்.

வகையிலும் வித்தியாசம் உண்டு. ஒன்று, லைனிலேயே பொருத்தும் சிறு பூஸ்டர். தண்ணீர் ஓடத் தொடங்கினால் ஃப்ளோ ஸ்விட்ச் அதை இயக்கும். விலையும் சத்தமும் குறைவு. ஆனால், குழாயைத் திறந்ததும் கொஞ்சமாவது தானாக ஓட்டம் இருந்தால்தான் ஓடும். வாசகியின் மாடியில் மெதுவாக வேனும் வருவதால் இது ஒத்துவரும். இன்னொன்று, பிரஷர் ஸ்விட்சும் சிறிய காற்றுத் தொட்டியும் சேர்ந்த பிரஷர் பம்ப். தொட்டிக்குச் சமமாகவோ மேலாகவோ குழாய் இருக்கும் வீட்டுக்கும், பல குளியலறை உள்ள வீட்டுக்கும் இது ஏற்றது. தோட்டத்தில் கிடக்கும் பழைய மோனோபிளாக்கை அப்படியே மாட்ட வேண்டாம். குழாயை மூடிவிட்டு மோட்டாரை நிறுத்த மறந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து சீல் போய்விடும்.

பொருத்தும் வரிசை இது: தொட்டி, பால் வால்வு, சல்லடை, யூனியன், பம்ப், யூனியன், நான்-ரிட்டர்ன் வால்வு, பால் வால்வு, மாடி லைன். பம்ப் தொட்டியின் வெளிப்போக்கைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தானாகவே அதில் நிறைந்து நிற்கும். பம்ப்புக்குள் போகும் குழாய், பம்ப்பின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அடியில் ரப்பர் தகடு போட்டால் அதிர்வு அறைக்குள் இறங்காது. மேலே மழை படாத, காற்றோட்டமுள்ள மறைப்பு வேண்டும்.

பிளம்பர்கள் பலர் விட்டுவிடும் ஒன்று, பைபாஸ். பம்ப்பைச் சுற்றி ஒரு குழாயை ஓட்டி, அதில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தால், கரன்ட் இல்லாத நேரத்தில் தண்ணீர் பழையபடி தானாக இறங்கும். அந்த வால்வு ஸ்பிரிங் இல்லாத, கதவு போல் ஆடும் ஸ்விங் வகையாக இருக்கட்டும். குறைந்த அழுத்தத்தில் ஸ்பிரிங் வால்வு சரியாகத் திறக்காது. பைபாஸில் வால்வே வைக்காமல் விட்டால், பம்ப் தள்ளும் தண்ணீர் சுற்றிக்கொண்டு தொட்டிக்கே திரும்பும்.

மின் வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள். மூன்று கம்பி ஒயர், சரியான எர்த், எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என நான்கும் இல்லாமல் குளியலறைத் தண்ணீரோடு சம்பந்தப்பட்ட எந்த மோட்டாரையும் இயக்கக் கூடாது. தொட்டி காலியானால் பம்ப்பை நிறுத்தும் ட்ரை ரன் பாதுகாப்பும் வேண்டும். வோல்டேஜ் குறைந்து மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள், காயில் எரிந்துவிடும். கிணற்று மோட்டாரின் இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுப் பம்ப்புக்கு ஒயர் இழுப்பது விதிமீறல். அதற்கு அவசியமும் இல்லை. அரை ஹெச்.பி. பம்ப் மணிக்குச் சுமார் அரை யூனிட்தான் இழுக்கும்.

தெருவுக்கும் தலைமடை, கடைமடை உண்டு

இனி இரண்டாவது பிரச்னை. ஊராட்சிக் குழாயிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டவிரோதம். மோட்டாரைப் பறிமுதல் செய்யவும் இணைப்பைத் துண்டிக்கவும் இடம் உண்டு. நான்கு வீட்டுக்காரர்கள் செய்தது தவறு. ஐந்தாவது வீடும் செய்தால் அது சரியாகிவிடாது. மேலும், கடைசி வீட்டில் மோட்டார் மாட்டினாலும் பலன் சொற்பம். முன்னால் நான்கு மோட்டார்கள் இழுத்த பிறகு குழாயில் மிச்சம் இருப்பது காற்றுதான். அடுத்து முதல் வீட்டுக்காரர் அரை ஹெச்.பி.யை 1 ஹெச்.பி.யாக மாற்றுவார். அந்த ஓட்டத்துக்கு முடிவே கிடையாது.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. தெருக் குழாய் சாக்கடை ஓரமாகவும் பல இடங்களில் அதற்கு அடியிலும் போகிறது. பழைய இணைப்புகளில் கசிவு இருக்கும். குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை நல்ல தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போய்விடும். அப்போது கசிவின் வழியே சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். உறிஞ்சியவர் வீட்டுக்கு மட்டுமல்ல, அந்த லைனில் உள்ள எல்லா வீட்டுக்கும் போகும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் டைபாய்டும் தெரு முழுவதும் பரவ இந்த ஒரு வழியே போதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வாசகியின் வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வர வேண்டும் என்று பார்ப்போம். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்து வீட்டுக் குழாய்க்கான அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆறு பேருக்கு 330 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 22 குடம். தண்ணீர் விடுவது ஒரு மணி நேரம் என்றால், நிமிடத்துக்கு 5½ லிட்டர் வந்தால் போதும். அதாவது, ஒரு குடம் 2 நிமிடம் 45 வினாடியில் நிறைய வேண்டும். இப்போது ஆறு நிமிடம் ஆகிறது என்றால், மணி நேரத்துக்கு 10 குடம், 150 லிட்டர். உரிய பங்கில் பாதிகூட வரவில்லை.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. உரிய பங்கு வந்தாலும் அது வேகமாக வராது, மெதுவாகத்தான் வரும். மெதுவாக வருவதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரமும் ஒரு சொட்டு வீணாகாமல் சேர்த்துவைக்க இடம் இருக்க வேண்டும். அதற்கு 500 லிட்டர் சம்ப் போதும். தெருக் குழாய் தன் சொந்த அழுத்தத்தில் சம்ப்பில் விழட்டும். அங்கிருந்து தேவையான இடத்துக்கு மோட்டாரால் ஏற்றிக்கொள்ளலாம். சொந்தத் தொட்டிக்குப் பிறகு வரும் மோட்டாரால் யாருக்கும் நஷ்டம் இல்லை. தொட்டிக்கு முன்னால் இருக்கும் மோட்டார்தான் பக்கத்து வீட்டுக் குடத்தில் கை வைக்கிறது.

சம்ப் அமைப்பதில் மூன்று கவனம் வேண்டும். ஒன்று, உள்ளே வரும் குழாயின் வாய் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கினால், தெருவில் தண்ணீர் நின்றதும் சம்ப் தண்ணீர் லைனுக்குள் திரும்ப இழுக்கப்படும். குழாயைத் தாழ்த்தினால் வேகம் கூடும் என்று பல ஊர்களில் குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். வேகம் கூடுவது உண்மைதான். ஆனால், அந்தக் குழியில் தேங்கும் அழுக்குத் தண்ணீரும் இதே வழியில்தான் குழாய்க்குள் போகிறது. இரண்டு, சம்ப்பின் வாய் தரையைவிட ஒரு அடி உயர்ந்து, இறுக்கமான மூடியோடு இருக்க வேண்டும். மழைத்தண்ணீரும் குழந்தைகளும் உள்ளே விழக் கூடாது. மூன்று, போர்வெல் லைனையும் ஊராட்சி லைனையும் எந்த இடத்திலும் ஒரே குழாயில் இணைக்கக் கூடாது.

அடுத்து, பங்கைக் கேட்டு வாங்குவது. சண்டையாகப் போகாமல் கணக்கோடு போனால் பேச்சு எடுபடும். தெருவில் எல்லா வீட்டிலும், ஒரே நாளில், ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். முதல் வீட்டில் ஒரு நிமிடம், கடைசி வீட்டில் ஆறு நிமிடம் என்று தாளில் இருந்தால் யாராலும் மறுக்க முடியாது. அதை முதலில் ஓ.எச்.டி. ஆபரேட்டரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் காட்டுங்கள். கடைசிப் பகுதிக்குத் தனி வால்வு போட்டு முறை வைத்து விடலாம்; தொடக்கத்தில் உள்ள இணைப்புகளில் ஓட்டத்தை மட்டுப்படுத்தலாம். சில இடங்களில் லைனில் உள்ள ஒரு வால்வு பாதி மூடியிருப்பதே காரணமாக இருக்கும். அங்கே தீராவிட்டால் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கோரிக்கையை எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

அந்த நான்கு வீட்டுக்காரர்களும் விவசாயிகளாகத்தான் இருப்பார்கள். வாய்க்காலில் தலைமடைக்காரர் மதகை அடைத்துக்கொண்டால் கடைமடை வயல் என்னவாகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருக் குழாயும் ஒரு வாய்க்கால்தான். அதற்கும் முறைப்பாசனம் உண்டு. சாக்கடை தங்கள் குடத்துக்கும் வருகிறது என்பதைச் சொன்னால், மோட்டாரைக் கழற்ற அதுவே அவர்களுக்குப் போதிய காரணமாக இருக்கும்.

ஆக, வேலைகளின் வரிசை இதுதான். முதலில் அளந்து பாருங்கள். சல்லடை, வால்வு, காற்று அடைப்பு ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். மாடிக்குப் பெரிய குழாயில் தனி லைன் கொடுங்கள். தெருக் குழாய்க்கு ஒரு சம்ப் வையுங்கள். பங்கைக் கணக்கோடு கேளுங்கள். அதற்குப் பிறகும் ஷவர் வேண்டும் என்றால், மாடி லைனுக்கு மட்டும் அரை ஹெச்.பி.க்கு மேற்படாத பம்ப் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: "மாட்டுத் தொழுவம் கழுவ, வீட்டுக் குழாயிலிருந்து 100 அடி நீளத்துக்கு அரை அங்குல ஓஸ் இழுத்திருக்கிறோம். தண்ணீர் வேகமாக வருவதில்லை. பிரஷர் பம்ப் வைத்தால் சரியாகுமா?"
- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: அழுத்தத்தை அந்த நீள ஓஸ்தான் தின்கிறது. தொழுவம்வரை 1 அங்குலக் குழாயைப் பதித்து, அங்கே ஒரு வால்வு வைத்து, அதிலிருந்து 20 அடி ஓஸ் மட்டும் பயன்படுத்துங்கள். நுனியில் ஒரு நாசில் மாட்டினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். செலவாகும் தண்ணீரும் குறையும். கழுவும் முன் சாணத்தைத் தள்ளுகட்டையால் வழித்து எருக்குழிக்குக் கொண்டுபோய்விட்டால், பாதி வேலை தண்ணீர் இல்லாமலே முடிந்துவிடும். அப்படியும் போதவில்லை என்றால், தொழுவத்துக்கென ஒரு சிறு தொட்டி வைத்து அதிலிருந்து தனி பம்ப் போடுங்கள். ஓஸின் நுனியைச் சாணக் கரைசலிலோ மருந்து கலக்கும் டிரம்மிலோ போட்டுவைக்காதீர்கள். தொட்டி காலியாகும் நேரத்தில் அந்தக் கரைசல் வீட்டு லைனுக்குத் திரும்பிப் போகும்.

கேள்வி: "வீட்டில் பிரஷர் பம்ப் இருக்கிறது. யாரும் தண்ணீர் திறக்காதபோதும் இரவில் தானாக ஓடி ஓடி நிற்கிறது. என்ன காரணம்?"
- ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்.

பதில்: எங்கோ அழுத்தம் கசிகிறது. பம்ப்புக்கு அடுத்துள்ள வால்வை இரவில் மூடிவையுங்கள். ஓடுவது நின்றுவிட்டால், கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. சொட்டும் குழாய்களையும் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியையும் பாருங்கள். ஃப்ளஷ் தொட்டியில் மஞ்சள் தூள் கரைத்துவிட்டால், கோப்பையில் நிறம் இறங்குவது கசிவைக் காட்டிக்கொடுக்கும். வால்வை மூடிய பிறகும் ஓடினால், குறை நான்-ரிட்டர்ன் வால்வில் இருக்கும்; கசடு சிக்கியிருக்கலாம்.

தண்ணீரைத் திறந்ததும் பம்ப் சில வினாடிக்கு ஒருமுறை ஓடி நின்றால், காற்றுத் தொட்டியில் காற்று குறைந்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, டயருக்குக் காற்று பார்க்கும் மீட்டரால் அளந்து பாருங்கள். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பவுண்டு குறைவாகக் காற்று இருக்க வேண்டும். 20 பவுண்டில் ஓடத் தொடங்கும் பம்ப்புக்கு 18 பவுண்டு காற்று. குறைந்திருந்தால் சைக்கிள் பம்ப்பாலேயே அடித்துவிடலாம். காற்று வாயின் ஊசியை அழுத்தும்போது தண்ணீர் வந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்தால் மோட்டாருக்கு ஆயுள் கூடும்.